ஆஸ்பத்திரி வார்டிலேயே பக்கவாதம் வந்தால்? அப்பாவுக்கு நடந்தது, அடுத்து அம்மாவுக்கு ஆபரேஷன்

பெரம்பூர் வாசுகி
வியாழன், இரவு 10.42

எல்லாருக்கும் வணக்கம். இந்தக் குழுவில் இரண்டு வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 78 வயது. ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இதயத் துடிப்பு சீராக இல்லை என்று நாலு வருடமாக அபிக்சபான் சாப்பிட்டு வந்தார், ரத்தம் உறையாமல் இருக்க. போன மாதம் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடது இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அபிக்சபானை நிறுத்தி இரண்டு நாள் கழித்து ஆபரேஷன் செய்தார்கள். அது நன்றாகவே முடிந்தது. மறுநாளே வாக்கர் பிடித்து நிற்க வைத்தார்கள்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாவது நாள் காலை. நான்தான் அட்டெண்டர். 6 மணிக்கு எழுந்து முகம் துடைத்துவிட்டேன். பையிலிருந்து விபூதி டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். அவரே வலது கையால் மூன்று விரலில் தொட்டு நெற்றியில் போட்டுக்கொண்டார். "காப்பி ஆறிடும், ஊத்து" என்றார். ஃபிளாஸ்க்கிலிருந்து டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன், இரண்டு வாய் குடித்தார். அப்போது மொபைலில் 6.10. தம்பி அப்போதுதான் மெசேஜ் அனுப்பியிருந்தான், அதனால் நேரம் சரியாக நினைவிருக்கிறது.

அப்புறம் கீழே பார்மசிக்குப் போனேன். பில் கவுண்டரில் வரிசை. திரும்பி வரும்போது 7.05. காப்பி படுக்கை விரிப்பில் கொட்டியிருந்தது. வலது கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. வாய் இடது பக்கம் இழுத்திருந்தது. என்னைப் பார்த்தார், கண் என்னை விட்டு நகரவே இல்லை, ஆனால் "ம்... ம்..." என்று மட்டும்தான் வந்தது.

ஓடிப்போய் சிஸ்டரிடம் "அப்பா ஒரு மாதிரியா இருக்காரு, பேச மாட்டேங்குறாரு" என்றேன். ராத்திரி போட்ட வலி ஊசியின் மயக்கமாக இருக்கும், கொஞ்சம் தண்ணீர் கொடுத்துப் பாருங்கள் என்றார். ஸ்பூனில் கொடுத்தேன். புரை ஏறி இருமினார். அதற்குள் டூட்டி மாறும் நேரம். 8 மணிக்குப் புதிதாக வந்த சிஸ்டர் பிரஷர் பார்த்துவிட்டு டூட்டி டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டர் வந்தது 8.40. ஸ்கேன் எடுத்தது 10.50. நரம்பியல் டாக்டர் வெளியிலிருந்து வர வேண்டும், அவர் வந்தபோது 11.45. "நேரம் தாண்டிவிட்டது, அதோடு ஆபரேஷன் ஆகி மூன்று நாள்தான் ஆகிறது, ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடியாது" என்றார். அவ்வளவுதான்.

இப்போது அப்பா வீட்டில். வலது கை கால் வரவில்லை. பேச்சு இல்லை. மூக்கு வழியாக டியூப்.

போன வாரம் டிஸ்சார்ஜ் காகிதத்தை நிதானமாகப் படித்தேன். "கடைசியாக நன்றாக இருந்த நேரம்: முந்தைய இரவு 11 மணி" என்று எழுதியிருக்கிறது. ராத்திரி சிஸ்டர் கடைசியாகச் சார்ட்டில் எழுதிய நேரம் அது. காலை 6.10க்கு அவர் விபூதி போட்டுக்கொண்டதைப் பார்த்தவள் நான். என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அது முக்கியம் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த மாதம் அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். 71 வயது, சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. வேறு ஆஸ்பத்திரி. நான் கேட்க வந்தது இரண்டு விஷயம். ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருக்கும் ஒருவருக்குப் பக்கவாதம் வந்தால் ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது? தெருவில் விழுந்திருந்தால் 108 இதைவிடச் சீக்கிரம் கொண்டுபோயிருக்குமே? இரண்டாவது, அம்மாவைச் சேர்ப்பதற்கு முன்னால் நான் என்ன கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்?


தாம்பரம் மேரி
வியாழன், இரவு 11.58

வாசுகிம்மா, படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. 31 வருடம் அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பா தானே விபூதி போட்டுக்கொண்டார் என்று எழுதினீர்களே, அந்த மூன்று கோடுதான் அன்றைக்கு ரொம்ப முக்கியமான தகவல். வலது கை தூக்கியிருக்கிறார், விரல் மடக்கியிருக்கிறார், பேசியிருக்கிறார், முழுங்கியிருக்கிறார். 6.10க்கு அவருக்கு எல்லாமே சரியாக இருந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி என்ன வேண்டும்? பக்கவாதத்தில் கடிகாரம் ஓட ஆரம்பிப்பது நாம் கண்டுபிடித்த நேரத்திலிருந்து இல்லை. நோயாளி கடைசியாக நன்றாக இருந்ததை ஒருவர் கண்ணால் பார்த்த நேரத்திலிருந்து. அதைக் கேட்டு எழுதுவது எங்கள் வேலை. உங்களைக் கேட்டிருக்க வேண்டும்.

ஏன் நேரம் ஆகிறது என்று கேட்டீர்கள். எமர்ஜென்சி வாசலில் ஒருவரைத் தூக்கிக்கொண்டு வந்தால் அங்கே இருப்பவர்கள் எல்லாரும் "என்ன ஆச்சு" என்றுதான் பார்ப்பார்கள். வார்டில் அப்படி இல்லை. அவர் ஏற்கெனவே "இடுப்பு கேஸ்". பெட் நம்பரோடு அந்தப் பெயர் ஒட்டிக்கொள்கிறது. மயக்கமாக இருந்தால் வலி மருந்து, உளறினால் வயசு, கை தூக்கவில்லை என்றால் டிரிப் போட்ட கை வலிக்கிறது என்று கையில் ஒரு பதில் தயாராக இருக்கும். நானும் அப்படித் தவறவிட்டிருக்கிறேன். வயிற்று ஆபரேஷன் ஆன ஒரு அம்மா, நைட் டூட்டி, வார்டில் 46 பேருக்கு நானும் இன்னொருத்தியும். அவர் கூப்பிட்டால் திரும்பவில்லை, தூக்கம் என்று நினைத்துப் போர்வையை இழுத்துவிட்டுப் போனேன். விடிந்து பார்த்தால் இடது பக்கம் முழுக்க விழுந்திருந்தது. அந்தப் போர்வையை இழுத்துவிட்டது இன்றைக்கும் என் கையில் இருக்கிறது.

அதிலும் காலை டூட்டி மாறும் அந்த முக்கால் மணி நேரம் ரொம்ப மோசம். போகிறவர் மனசு போய்விட்டது, வருகிறவர் இன்னும் கணக்கெடுத்து முடிக்கவில்லை. உங்களுக்கு நடந்தது சரியாக அந்த நேரம்.

அதனால் அட்டெண்டராக இருப்பவர் சொல்கிற விதம் முக்கியம். "ஒரு மாதிரியா இருக்காரு" என்று ஒரு ஷிஃப்ட்டில் இருபது பேர் சொல்வார்கள், காதில் ஏறாது. "சிஸ்டர், வலது கை விழுந்துடுச்சு, வாய் கோணுது, பேச்சு வரல, 6.10க்கு நல்லா இருந்தாரு, ஸ்ட்ரோக்கான்னு பாருங்க" என்று சொல்லுங்கள். கை, வாய், பேச்சு, நேரம். அந்த வார்த்தையைச் சொல்ல நாம் யார் என்று கூச்சப்பட வேண்டாம். சொல்லி அது வேறு ஏதாவதாக இருந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது. பக்கத்திலேயே நின்று விரல் நுனியில் சுகர் பார்க்கச் சொல்லுங்கள். சுகர் ரொம்ப இறங்கினாலும் அச்சு அசலாகப் பக்கவாதம் மாதிரியே இருக்கும், குளூக்கோஸ் ஏற்றினால் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். அம்மாவுக்குச் சுகர் என்கிறீர்கள், இது நினைவில் இருக்கட்டும்.

தண்ணீர், காப்பி, மாத்திரை எதுவும் வாயில் கொடுக்கக் கூடாது. முழுங்குகிறாரா என்று சோதித்துப் பார்த்த பிறகுதான். உங்களைத் தண்ணீர் கொடுக்கச் சொன்னது தப்பு. அது நுரையீரலுக்குள் போய் நிமோனியா வந்து படுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பிரஷர் அதிகமாக இருக்கிறது என்று நாக்கின் கீழே மாத்திரை வைப்பார்கள், அதையும் வைக்க விடாதீர்கள். பிரஷர் தடாலென்று இறங்கினால் மூளைக்குப் போகிற கொஞ்ச நஞ்ச ரத்தமும் குறையும்.

இன்னொன்று. நோயாளியின் எடை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கரைக்கிற ஊசி எடைக்குத் தகுந்த அளவு. படுத்த படுக்கையில் இருப்பவரை அந்த நேரத்தில் மிஷினில் ஏற்ற முடியாது. அட்மிஷன் அன்றே அம்மாவின் எடையைப் பார்த்துக் குறித்து வையுங்கள்.


கொளத்தூர் செந்தில்
வெள்ளி, காலை 7.20

அக்கா, எனக்கு ரொம்பக் கோபமாக இருக்கிறது. ரத்தம் உறையாத மாத்திரையை நிறுத்தியதுதானே எல்லாவற்றுக்கும் காரணம்? இதயத் துடிப்பு சரியில்லாதவருக்கு அதை நிறுத்தலாமா? இதைச் சும்மா விடக் கூடாது.

கேஸ் ஷீட் முழுவதும் நகல் கேட்டு எழுதிக் கொடுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. நர்ஸ் எழுதும் சார்ட், மருந்துத் தாள், ஸ்கேன் எடுத்த நேரம் எல்லாம் அதில்தான் இருக்கும். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறையிலேயே இருக்கிறது. எங்கள் சித்தப்பா விஷயத்தில் நாங்கள் வாங்கினோம்.


நரம்பியல் டாக்டர், அண்ணா நகர்
வெள்ளி, மதியம் 2.35

வாசுகி அவர்களுக்கு. நான் நரம்பியல் மருத்துவர். உங்கள் அப்பாவின் ஸ்கேனைப் பார்க்காமல் அவருக்கு எதைச் செய்திருக்கலாம் என்று நான் தீர்ப்புச் சொல்வது முறையில்லை. ஆனால் நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இருக்கிறது.

நீங்கள் சந்தேகப்பட்டது உண்மைதான். வார்டில் இருக்கும்போது பக்கவாதம் வந்தவர்களுக்கு, வெளியிலிருந்து எமர்ஜென்சிக்கு வருபவர்களைவிடக் கண்டுபிடிப்பதும் ஸ்கேன் எடுப்பதும் தாமதமாகிறது என்று பல நாடுகளின் ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. இது அபூர்வமும் இல்லை. இதய ஆபரேஷன், ஆஞ்சியோ, பெரிய எலும்பு ஆபரேஷன், நோய்த்தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, பிரஷர் இறங்குவது, ரத்த உறைவைத் தடுக்கும் மருந்தை நிறுத்தியிருப்பது எல்லாம் ஒரே ஆளிடம் சேர்வது ஆஸ்பத்திரியில்தான். 2022ல் அமெரிக்க இதயச் சங்கம் இதற்கென்றே தனி அறிக்கை வெளியிட்டது. நரம்பியல் வார்டு மட்டுமல்லாமல் எல்லா ஊழியர்களுக்கும் அறிகுறி தெரிந்திருக்க வேண்டும், கூப்பிட்டால் ஓடி வர ஒரு குழு இருக்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். மேரி சிஸ்டர் தன் அனுபவத்தில் சொன்னதும் அதுவேதான்.

இப்போது நேரக் கணக்கு. கட்டியைக் கரைக்கும் ஊசியை, பொதுவாக, கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். 1995ல் வந்த ஆய்வு மூன்று மணி நேரம் என்றது, 2008ல் அது நாலரை ஆனது. ஆல்டிப்ளேஸ் என்றால் கிலோவுக்கு 0.9 மில்லிகிராம், அதிகபட்சம் 90. பத்தில் ஒரு பங்கை உடனே போட்டு மீதியை ஒரு மணி நேரத்தில் ஏற்றுவோம். டெனெக்டிப்ளேஸ் என்றால் கிலோவுக்கு 0.25, அதிகபட்சம் 25, ஒரே ஊசி. இரவு 11 என்று எழுதினால் காலை 3.30க்கே கதவு மூடிவிட்டது. 6.10 என்றால் 10.40 வரை நேரம் இருந்தது. ஒரே நோயாளி, எழுதிய நேரம் வேறு, அதனால் கதை வேறு.

அதே சமயம் பெரிய ஆபரேஷன் ஆகி 14 நாளுக்குள் அந்த ஊசி போட மிகவும் யோசிப்போம். ஆபரேஷன் செய்த இடத்தில் ரத்தம் கசியும் அபாயம் உண்டு. போடவே கூடாது என்று இல்லை, சிலருக்கு எலும்பு டாக்டரோடு பேசி எடை போட்டுப் பார்த்துப் போடுவோம். ஆனால் இடுப்பு ஆபரேஷன் ஆன மூன்றாம் நாள் ஒரு நரம்பியல் மருத்துவர் ஊசி வேண்டாம் என்றால் அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன்.

நான் அழுத்திச் சொல்ல வருவது இதற்கு அடுத்தது. ஊசி போட முடியாது என்றால் அத்தோடு முடிந்தது என்று அர்த்தம் இல்லை. மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைத்திருந்தால் தொடை வழியாகவோ மணிக்கட்டு வழியாகவோ குழாய் செலுத்திக் கட்டியை வெளியே இழுத்து எடுக்கலாம். 2015ல் வரிசையாக ஐந்து ஆய்வுகள் இது பலன் தருகிறது என்று நிரூபித்தன. சமீபத்தில் ஆபரேஷன் ஆனது இதற்குத் தடை இல்லை, ரத்தம் உறையாத மருந்து சாப்பிடுவதும் தடை இல்லை. வார்டில் இருப்பவர்களுக்கு ஊசியைவிட இது முக்கியமாவதற்குக் காரணம் அதுதான். முதல் 6 மணி நேரம் நல்ல நேரம். 2018ல் வெளியான ஆய்வுகளுக்குப் பிறகு, ஸ்கேனில் இன்னும் காப்பாற்ற முடிகிற மூளைப்பகுதி தெரிந்தால் 24 மணி நேரம் வரைக்கும்கூடச் செய்கிறோம்.

இது தெரிய வேண்டுமென்றால் சாதாரண சி.டி. போதாது. சாயம் ஏற்றி ரத்தக்குழாயையும் படமெடுக்க வேண்டும். வலது பக்கம் முழுவதும் விழுந்து, பேச்சும் போய், இதயத் துடிப்பும் சீராக இல்லாதவர் என்றால் பெரிய குழாய் அடைப்பை நான் முதலில் சந்தேகப்படுவேன். அந்தப் படம் எடுத்தார்களா என்று கேஸ் ஷீட்டில் பாருங்கள். வழக்குப் போடுவதற்காகச் சொல்லவில்லை. உங்களுக்குப் பதில் தெரிய வேண்டும் இல்லையா?

பெரிய குழாய் அடைத்தால் ஒரு நிமிடத்துக்கு சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் போகின்றன என்று ஒரு கணக்கு உண்டு. நான் ஜூனியர்களிடம் அதைச் சொல்லிவிட்டு, லிஃப்ட்டுக்கு நிற்காதே, ஸ்ட்ரெச்சரை நீயே தள்ளு என்பேன்.

செந்தில், உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் மாத்திரையை நிறுத்தியதைக் குற்றமாகச் சொல்ல முடியாது. அதை நிறுத்தாமல் இடுப்பைத் திறந்தால் ரத்தப்போக்கில் உயிரே போகலாம். ஆபரேஷனுக்காக நிறுத்துகிற இடைவெளியில் பக்கவாதமோ, சிறிது நேரத்தில் தானே சரியாகிவிடும் சின்னப் பக்கவாதமோ வருவது, வார்ஃபரின் என்ற ரத்தம் உறையாத மருந்து சாப்பிட்டவர்களை வைத்து 2015ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஆயிரத்தில் நாலு பேருக்குத்தான். வாசுகியின் அப்பா அந்த நாலு பேரில் ஒருவராகிவிட்டார். கேட்க வேண்டிய கேள்வி வேறு. எந்தத் தேதியில் திரும்ப ஆரம்பிக்கச் சொல்லி எழுதியிருந்தார்கள்? பல கேஸ் ஷீட்டில் "நிறுத்தவும்" என்று இருக்கும், "தொடங்கவும்" என்று எங்கேயும் இருக்காது.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். ஆபரேஷன் செய்கிற டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். ராத்திரி 3 மணிக்கு வார்டில் ஒருவருக்கு ஸ்ட்ரோக் வந்தால் யாரைக் கூப்பிடுவீர்கள்? சி.டி. அந்த நேரத்தில் ஓடுமா, ஆள் இருப்பாரா? கட்டியை இழுத்து எடுக்கும் வசதி இங்கேயே உண்டா, இல்லையென்றால் எங்கே அனுப்புவீர்கள்? இதில் எந்த டாக்டரும் கோபப்பட வேண்டியதில்லை. பதில் தயாராக இருக்கிற இடம் எது என்று கேட்கும்போதே தெரிந்துவிடும். சென்னையில் இந்த வசதி உள்ள இடங்களுக்குப் பஞ்சமில்லை, அரசுப் பொது மருத்துவமனை உட்பட. அந்த ராத்திரி 3 மணிக்கு எங்கே போவது என்று யோசிக்க ஆரம்பித்தால்தான் கஷ்டம்.

எல்லா உளறலும் பக்கவாதம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆபரேஷன் ஆன வயதானவர்களுக்கு இரண்டாம் நாள், மூன்றாம் நாள் ராத்திரியில் இடம் தெரியாமல் பேசுவது சகஜம். கொஞ்ச நேரம் தெளிவு, கொஞ்ச நேரம் குழப்பம் என்று மாறி மாறி வரும், ஆனால் கை கால் இரண்டு பக்கமும் சமமாக அசையும். ஒரு பக்கம் மட்டும் விழுந்தால், வாய் கோணினால், வார்த்தை திடீரென்று நின்றால், அதை வேறு காரணம் சொல்லி ஒதுக்கக் கூடாது.


அம்பத்தூர் ரமேஷ்
வெள்ளி, இரவு 8.05

டாக்டர் சொன்னதற்கு எங்கள் வீட்டிலேயே ஒரு உதாரணம். மாமனாருக்குக் கை வழியாக ஆஞ்சியோ எடுத்து ரெக்கவரி ரூமில் படுக்க வைத்திருந்தார்கள். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பக்கத்தில் இருந்த டெக்னீஷியன் பையன் "சார், சிரிங்க" என்றிருக்கிறான். எதற்குச் சிரிக்கச் சொல்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. ஒரு பக்கம் மட்டும் சிரித்தார். அந்தப் பையன் சுவரில் இருந்த போனை எடுத்தான், அவ்வளவுதான், நாலு பேர் வந்துவிட்டார்கள். ஸ்கேனுக்குப் போய்த் திரும்பி, ஆஞ்சியோ எடுத்த அதே கேத்லேபில் கட்டியை எடுத்தார்கள். எடுத்ததை ஒரு துணியில் வைத்துக் காட்டினார்கள், அரிசி நீளம்தான் இருந்தது. ஆறாம் நாள் நடந்து வீட்டுக்கு வந்தார். அந்தப் பையன் வயது 23 இருக்கும்.


மேற்கு மாம்பலம் பிசியோ
சனி, காலை 6.50

வாசுகி மேடம், எல்லாரும் அன்றைக்கு நடந்ததைப் பேசுகிறார்கள், நான் இன்றைக்கு அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

வலது கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். உட்கார வைக்கும்போது அக்குளில் கை கொடுத்துத் தூக்குவது நம் வீடுகளில் வழக்கம். தசை பிடிப்பில்லாத தோள் மூட்டு அதில் கீழே இறங்கிவிடும், அப்புறம் அந்த வலி மாசக் கணக்கில் இருக்கும். தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் கை வைத்துத் திருப்புங்கள். படுக்கும்போதும் உட்காரும்போதும் அந்தக் கைக்குக் கீழே தலையணை. நீங்கள் பேசுவது வலது பக்கம் உட்கார்ந்து பேசுங்கள், அந்தப் பக்கத்தை அவர் மறந்துவிடாமல் இருப்பார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைப்பது கட்டாயம். இடது இடுப்பு ஆபரேஷன் என்பதால் எந்தக் கோணத்தில் காலை மடக்கக் கூடாது என்று எலும்பு டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று மாதம்தான் முன்னேற்றம் வேகமாக வரும். வாரம் ஒரு தடவை பிசியோ வந்து போவது போதாது, தினமும் நீங்களும் செய்ய வேண்டும். பணம் இழுக்கிறது என்றால் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவார்கள், 2021 ஆகஸ்ட்டிலிருந்து நடக்கிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

பேச்சு. அவருக்குக் காது கேட்கிறது, உங்களை அடையாளம் தெரிகிறது. பேச்சு போனவரைச் செவிடர் மாதிரி நினைத்துக் கத்துகிறோம், அது அவரை ரொம்ப நோகடிக்கும். சின்ன வாக்கியமாக ஒன்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். பத்து எண்ணும் வரைக்கும் காத்திருங்கள். புதிதாக வாக்கியம் அமைத்துப் பேச முடியாதவர்களுக்கும், வாயில் ஊறிப்போன சொற்கள் சில சமயம் தானாக வரும். ஒன்று இரண்டு எண்ணுவது, கிழமை சொல்வது, தினமும் சொன்ன சாமி பெயர். விபூதி பூசுகிறவர் என்றீர்கள், அப்போது என்ன சொல்வார்?


பெரம்பூர் வாசுகி
சனி, இரவு 9.30

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. மேரிம்மா, நீங்கள் அந்தப் போர்வை விஷயத்தை எழுதியதைப் படித்து அழுதேன். அன்றைக்கு அந்த நைட் சிஸ்டர் மேல் இருந்த கோபம் கொஞ்சம் வேறு மாதிரி ஆகிவிட்டது. போகவில்லை, ஆனால் அதே கோபம் இல்லை.

செந்தில் தம்பி, இன்று கேஸ் ஷீட் நகலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, வாங்கிக்கொண்டதாகச் சீல் போட்டு வாங்கினேன். வழக்குக்காக இல்லை. அந்தச் சாயம் ஏற்றிய படம் எடுத்தார்களா, அபிக்சபான் எந்தத் தேதியில் தொடங்கச் சொன்னார்கள், இரண்டும் எனக்குத் தெரிய வேண்டும். அதோடு, 6.10 என்பதையும் ஒரு கடிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதை அவர்கள் பைலில் வைக்கட்டும். அடுத்து வருகிற ஒரு குடும்பத்திடமாவது கேட்பார்கள்.

பிசியோ சார், விபூதி பூசும்போது "சிவ சிவ" என்பார். நீங்கள் கேட்டதால் இன்று காலை டப்பாவை இடது கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் டப்பாவையே பார்த்தார். இடது கையால் தொட்டு நெற்றிக்குக் கொண்டுபோனார். கோடு வரவில்லை, பாதி மூக்கில் விழுந்தது. நான் "சி" என்று ஆரம்பித்தேன். அவர் வாய் அசைந்தது. "சிவ" என்று ஒரு தடவை வந்தது, அடுத்தது வரவில்லை. அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார்.

டாக்டர், அம்மாவின் ஆபரேஷன் டாக்டரிடம் நீங்கள் சொன்ன கேள்விகளை அப்படியே கேட்டேன். வார்டில் ஒரு எண் ஒட்டியிருக்கிறது, யார் வேண்டுமானாலும் அடிக்கலாம், சி.டி. 24 மணி நேரமும் ஓடும், கட்டியை எடுக்கும் வசதி மட்டும் இங்கே இல்லை, பக்கத்தில் எங்கே அனுப்புவோம் என்று இடம் பெயரோடு சொன்னார். ஆம்புலன்ஸில் எவ்வளவு நேரம் என்று கேட்டேன், 20 நிமிடம் என்றார். அம்மாவின் எடை 64. அம்மா சாப்பிடும் ஆஸ்பிரினை எப்போது நிறுத்துவது, எப்போது தொடங்குவது என்று இரண்டு தேதியும் சீட்டில் எழுதி வாங்கிவிட்டேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும் மேரிம்மா. ராத்திரி அட்டெண்டர் தூங்கிவிட்டால்? அம்மாவுக்கு நான் ஒருத்திதான் இருப்பேன், தம்பி அப்பாவோடு வீட்டில் இருப்பான்.


தாம்பரம் மேரி
சனி, இரவு 10.15

தூங்குங்கள் வாசுகிம்மா, தூங்காமல் மூன்று நாள் ஓட்ட முடியாது. ராத்திரி சிஸ்டர் பிரஷர் பார்க்க வரும்போது மட்டும் எழுந்திருங்கள். அவர் அம்மாவைத் தொடும்போது நீங்களும் "அம்மா, ரெண்டு கையையும் தூக்கு, என் பேரென்ன?" என்று கேளுங்கள். சரியாகச் சொன்னால் நேரத்தைக் குறித்துவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். காப்பி வாங்கக் கீழே போகும்போதும் பார்மசிக்குப் போகும்போதும் அதே மாதிரி. கிளம்பும் முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை.

அட்மிஷன் எந்த நாள்? நாள் சொல்லுங்கள், அடுத்த நாள் பகலில் நான் வந்து உட்காருகிறேன். பெரம்பூர் எனக்குத் தூரமில்லை, ரயிலில் வந்துவிடுவேன்.